ஆற அமரப் பேசும் குரல்: டி லா சோல் இசையை முன்வைத்து

1

ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோடுதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு திரைப்படக் கழகத்தில் ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' (1989) படத்தைத் திரையிட்டார்கள். ரேடியோ ரஹீம் என்கிற கறுப்பு இளைஞன் ஒரு பெரிய டேப்ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பான். அதில் எப்போதும் ஒரே பாட்டுத்தான்: பப்ளிக் எனிமியின் 'ஃபைட் த பவர்'. கடைசியில் போலீஸ்காரன் அவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். அன்றிரவு விடுதிக்குத் திரும்பி நடந்தபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அடுத்த ஒரு வருடம் பப்ளிக் எனிமியைத் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை என்றே சொல்லலாம். அந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் கெட்டில் கொதித்து விசில் அடிப்பது மாதிரியான அந்த ஓசையும், அதன்மேல் ஏறி நின்று பேசுகிற சக் டியின் குரலும் புரிந்துகொள்ளப்படுவதற்குக் காத்திருக்கவில்லை. இதுதான் ஒடுக்கப்பட்டவர்களின் இசை என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

அப்போதுதான் அறை நண்பர் தன் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வேறொரு ஆல்பத்தைப் போட்டுக்காட்டினார். டி லா சோல் குழுவின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைஸிங்' (1989). தொடக்கத்தில் ஒரு டீவி வினாடிவினா நிகழ்ச்சி. யாராலும் பதில் சொல்ல முடியாத அபத்தமான கேள்விகள். பிறகு பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்றாம் வாய்ப்பாடு சொல்லித்தரும் பாட்டை எடுத்து ஒரு பாட்டு. மூன்று பேர் திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசுகிற மாதிரியான குரல்கள். அட்டையில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள். 'என்னப்பா இது, சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம். நிறுத்து' என்றேன். நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். குட்டிபூர்ஷ்வா மனநிலை, புறநகர்ச் சொகுசு, போராட்டத்திலிருந்து தப்பித்தல் என்று ஒரு பத்து நிமிடம் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டார்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் சொன்ன ஒவ்வொன்றும் எப்படித் தவறாயிற்று என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். ரசனை மாறிய கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. யாருடைய குரலை எந்தத் தொனியில் கேட்க நாம் தயாராக இருக்கிறோம் என்கிற கேள்வி இதற்குள் இருக்கிறது.

2

முதலில் 'புறநகர்ச் சொகுசு' என்கிற குற்றச்சாட்டு. போஸ்ட்னூஸ் (கெல்வின் மெர்சர்), ட்ருகாய் (டேவிட் ஜாலிகோர்), மேஸியோ (வின்சென்ட் மேசன்) ஆகிய மூவரும் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள அமிட்டிவில் என்ற ஊரில் வளர்ந்தவர்கள். அவர்களின் இசையை வடிவமைத்த ப்ரின்ஸ் பாலும் அதே ஊர்க்காரர். ஆக, புறநகர்தான். ஆனால் நான் நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய சக் டி எங்கிருந்து வந்தார்? அதே லாங் ஐலண்டின் ரூஸ்வெல்ட் என்ற ஊரிலிருந்து. அவர் பல்கலைக்கழகத்தில் வரைகலை வடிவமைப்பு படித்தவர். ஒரே நிலப்பகுதி, ஏறத்தாழ ஒரே வர்க்கச் சூழல். அங்கிருந்து ஒரு குரல் கர்ஜனையாகவும் இன்னொரு குரல் கிண்டலாகவும் வருகிறது என்றால், ஊரையும் வர்க்கத்தையும் வைத்துத் தொனியைக் கணக்குப் போட்டுவிடலாம் என்ற என் எளிய சூத்திரம் அங்கேயே உடைந்துபோகிறது.

அந்தப் புறநகரும் நான் நினைத்த புறநகராக இல்லை. லாங் ஐலண்டில் 1947இல் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பு அமெரிக்கப் புறநகரின் முன்மாதிரி என்று பேசப்படுவது. வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருக்கக் கூடாது என்று தொடக்க கால ஒப்பந்தங்களிலேயே எழுதிவைத்திருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் ஒரு புல்தரை என்பது அங்கே நிறத்தின் அடையாளமும்கூட. இதைத் தெரிந்துகொண்ட பிறகு டி லா சோலின் 'பாட்ஹோல்ஸ் இன் மை லான்' பாட்டு எனக்கு வேறு மாதிரி கேட்டது. தங்கள் சொற்களை மற்ற பாடகர்கள் திருடுவதைத்தான் அந்தப் பாட்டு தோட்டத்தில் விழுந்த குழிகளாகச் சொல்கிறது. கவிதைத் திருட்டுக்கு உவமை தேடும்போது இந்தப் பையன்களுக்குக் கைக்கு எட்டியது சொந்தப் புல்தரை. அது யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. 'என் வீட்டுப் புல்லை யார்றா மிதிச்சது' என்கிற பாவனையில் பேசிவிட்டுப் போகிறார்கள். பின்னணியில் யோடலிங் கேட்கிறது. மலைநாட்டு வெள்ளைக்காரப் பாட்டின் அந்த ஊளையை பார்லிமென்ட் என்கிற கறுப்பு இசைக்குழுவின் பழைய தட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். யாருடைய ஓசை யாருக்குச் சொந்தம்?

அடுத்து, 'கோபம்தான் ஹிப்-ஹாப்பின் அசல் குரல்' என்ற நம்பிக்கை. வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. ப்ராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஒரு பெண் விருந்து நடத்துகிறாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட். ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றுகிறார். பாட்டில் தாளம் மட்டும் தனியாக வருகிற இடத்தைப் பிடித்து நீட்டி நீட்டி ஆடவைக்கிறார். ப்ராங்ஸில் வீடுகள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் ஆடினார்கள். சேரி வாழ்வை நேரடியாகப் பேசிய 'த மெஸேஜ்' வருவதற்கு 1982 ஆயிற்று. அதைப் பதிவு செய்ய கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் குழுவினரே தயங்கினார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. ஆக, கொண்டாட்டம் முன்னது, முழக்கம் பின்னது. பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னதைப் போலி என்று சொல்ல எனக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

3

டி லா சோலை மறுபடி கேட்கவைத்தது தற்செயலான ஒரு விஷயம். ஹென்றி லூயிஸ் கேட்ஸின் 'த சிக்னிஃபையிங் மங்கி' (1988) பற்றி ஒரு கருத்தரங்கில் கேள்விப்பட்டுத் தேடிப் படித்தேன். அதில் வருகிற கறுப்பின வாய்மொழிக் கதை இது. குரங்கு சிங்கத்திடம் போய், 'யானை உன்னைப் பற்றி இப்படியெல்லாம் பேசுச்சு' என்று சொல்லிவைக்கும். சிங்கம் அதை அப்படியே நம்பி யானையிடம் சண்டைக்குப் போய் அடிவாங்கித் திரும்பும். குரங்கு பேசியது வேறொரு தளத்தில். சிங்கத்துக்குச் சொல்லின் நேர்ப்பொருள் மட்டும்தான் தெரியும். அடிமை முறையின் கீழ் வாழ்ந்தவர்களிடையே ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்துவதும், கிண்டலில் ஒளித்துப் பேசுவதும் ஒரு மொழி மரபாகவே வளர்ந்தது என்கிறார் கேட்ஸ். படித்து முடித்தபோது விடுதி அறையில் பத்து நிமிடம் பேசிய சிங்கம் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடி கேட்டேன். இந்த முறை பாட்டுவரிகளை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சங்கப் பாட்டுக்கு உரை பார்ப்பது மாதிரி. ட்ருகாய் என்ற பெயரைத் திருப்பிப் போட்டால் 'யோகர்ட்', அதாவது தயிர். போஸ்ட்னூஸைத் திருப்பினால் 'சவுண்ட் சாப்'. ஜானி கேஷ் பாடிய ஒரு வெள்ளப்பெருக்குப் பாட்டின் தலைப்பைத் திருகித்தான் ஆல்பத்துக்கே பெயர். ஸ்டீலி டேன், ஓடிஸ் ரெடிங், ஹால் அண்ட் ஓட்ஸ், ஃபங்கடெலிக் என்று வெள்ளை, கறுப்பு, உயர்ந்தது, மலிந்தது எல்லாம் துண்டுதுண்டாக வந்து ஒரே வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. ஊடிழைப் பிரதி என்று நாம் கட்டுரைகளில் சிரமப்பட்டு விளக்குவதை இவர்கள் விளையாட்டாகச் செய்துவிட்டுப் போகிறார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள்.

பூவையும் அட்டையையும் பார்த்து இவர்களை 'ஹிப்பிகள்' என்று பத்திரிகைகள் எழுதின. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' பாட்டின் வீடியோவில் ஒரு வகுப்பறை. ராப் பாடகனாக இருப்பது எப்படி என்று பாடம் நடக்கிறது. மற்ற மாணவர்கள் தங்கச் சங்கிலியும் விறைப்புமாக இருக்கிறார்கள். இவர்கள் மூவரும் கேலிக்கு ஆளாகிறார்கள். கறுப்பனாக இருப்பதற்கு ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, அதில் நாங்கள் தேறவில்லை, பரவாயில்லை என்கிற மாதிரி.

அந்தப் பாடத்திட்டத்தை எழுதியவர்கள் யார் என்பது முக்கியம். என்.டபிள்யூ.ஏ. குழுவின் இரண்டாவது ஆல்பம் 1991இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. வாங்கியவர்களில் வெள்ளைப் புறநகர் இளைஞர்களும் ஏராளம். கறுப்புக் கோபம் நன்றாக விலைபோகிற சரக்காகிவிட்டிருந்தது. கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. என்.டபிள்யூ.ஏ. போலீசைப் பற்றிப் பாடியது எவ்வளவு உண்மை என்பதை 1991 மார்ச்சில் ராட்னி கிங் அடிபட்ட வீடியோ உலகத்துக்குக் காட்டியது. ஆனால் கோபத்தை மட்டும் கேட்பேன், மற்றதைக் கேட்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற காது இருக்கிறதே, அந்தக் காது அந்த வெள்ளை இளைஞனிடமும் இருந்தது, புரட்சி பேசிய என்னிடமும் இருந்தது.

'ஆற அமர' என்கிற சொல்லை நான் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். இவர்கள் தாளத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. ட்ருகாயின் குரல் தாளத்துக்கு ஒரு எட்டு பின்னாலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவருகிறது. அவசரம் எஜமானனுடைய நேரம். வேலைக்கு மணி அடிக்கிறவனுடைய நேரம். தாமதிக்கவும் சாயவும் வளவளவென்று பேசவும் உரிமை இல்லாதிருந்த ஒரு சமூகத்திலிருந்து ஒருவன் ஆற அமரப் பேசுகிறான் என்றால், அவன் பறித்துக்கொண்டிருப்பது காலத்தை.

இந்த விளையாட்டு யாரையும் உறுத்தவில்லை என்று நினைத்தால் நீதிமன்றத்தைப் பாருங்கள். ஆல்பத்தில் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிற ஒரு துண்டு இருக்கிறது. பிரெஞ்சு மொழிப் பாடத் தட்டு ஒன்றையும் டர்ட்டில்ஸ் குழுவின் 'யூ ஷோட் மி' பாட்டின் ஒரு துளியையும் சேர்த்தது. டர்ட்டில்ஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்தார்கள். அந்தப் பாட்டை எழுதியவர்கள் டர்ட்டில்ஸ்காரர்கள் அல்ல, பேர்ட்ஸ் குழுவைச் சேர்ந்தவர்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற பாடகர் மீதான வழக்கில் நீதிபதி கெவின் டஃபி, திருடாதே என்கிற விவிலியக் கட்டளையை முதல் வரியாக வைத்துத் தீர்ப்பெழுதினார். அதன்பின் ஒரு ஆல்பத்தில் இத்தனை துண்டுகளைச் சேர்ப்பது பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற காரியமாயிற்று. ஒரு இசை வடிவத்தின் இலக்கணத்தையே சொத்துரிமைச் சட்டம் மாற்றி எழுதியது. முழக்கமிட்டவர்களைத் தணிக்கை மிரட்டியது. விளையாடியவர்களுக்குப் பில் வந்தது.

4

இவ்வளவும் சொன்ன பிறகும் தோழர்கள் கேட்கலாம்: சரி, விளையாட்டு அரசியல்தான். ஆனால் கனமான ஒன்றை அது தூக்குமா? முதல் ஆல்பத்திலேயே போதைப்பொருளைப் பற்றியும் ('சே நோ கோ') சேரி வறுமையைப் பற்றியும் ('கெட்டோ தாங்') பாட்டுகள் உண்டு. ஆனாலும் என் பதில் இரண்டாவது ஆல்பத்தில் இருக்கிற ஒரு பாட்டு.

1991இல் வந்த அந்த ஆல்பத்தின் பெயரே 'டி லா சோல் இஸ் டெட்'. அட்டையில் ஒரு பூந்தொட்டி கவிழ்ந்து உடைந்து கிடக்கிறது. முதல் ஆல்பத்தின் பூக்களுக்கு அவர்களே எழுதிய சாவு அறிவிப்பு. குப்பையில் கிடக்கும் ஒரு டேப்பைச் சில பையன்கள் கண்டெடுத்து, கேட்டு, 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்று திட்டி, திரும்பக் குப்பையிலேயே எறிவது ஆல்பம் முழுக்க ஓடுகிற கதை. அந்த டேப் இந்த ஆல்பம்தான். சுயவிமர்சனம் என்று நாம் கூட்டங்களில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு செய்கிற காரியத்தை இப்படியும் செய்யலாம் போலிருக்கிறது.

அதில் 'மில்லி புல்ட் எ பிஸ்டல் ஆன் சான்டா' என்று ஒரு பாட்டு. மில்லி பள்ளிச் சிறுமி. அவளுடைய அப்பா டில்லன் பள்ளியில் சமூகப்பணியாளர். பிள்ளைகளின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவர். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் மேஸீஸ் அங்காடியில் சான்டா வேஷம் போட்டுக் குழந்தைகளை மடியில் உட்காரவைக்கிறார். வீட்டில் மகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறார். மில்லி நண்பனிடம் சொல்கிறாள். அவன் நம்பவில்லை. 'டில்லனா? சும்மா இரு' என்கிறான். அவரைக் கண்டிப்பானவர் என்று நினைத்து அவளுக்குக் கோபம் போல என்கிறான். கடைசியில் அவள் துப்பாக்கியோடு அங்காடிக்குப் போகிறாள்.

இந்தக் கதையை அவர்கள் சொல்கிற குரலை மாற்றவில்லை. அதே சாவகாசம். அதே திண்ணைப் பேச்சு. பின்னால் மெதுவாக உருள்கிற ஃபங்கடெலிக் தாளம். முதன்முறை கேட்டபோது இவ்வளவு கொடுமையை எப்படி இப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு புரிந்தது. அந்தச் சாவகாசம்தான் குற்றவாளி. அக்கம்பக்கத்தின் குரல் அது. நல்ல மனுஷன், ஜாலியான ஆள், நம்மில் ஒருவர் என்று தலையாட்டிக்கொண்டிருந்த எல்லோருடைய குரலும் அது. கேட்கிற நாமும் அந்தத் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். கத்திப் பாடியிருந்தால் பாடகன் மில்லியின் பக்கம் நின்று நம்மையும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பான். நாமும் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்போம். அவன் அந்த நிம்மதியைத் தரவில்லை. ஆற அமரப் பேசுகிற குரல் மட்டுமே செய்ய முடிந்த காரியம் இது.

டில்லன் தெருவில் திரிகிற ரவுடி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் முற்போக்கான ஆள். நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடியவர். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

5

இவர்களைப் புனிதர்களாக்கிவிடக் கூடாது. 'பட்டி' போன்ற பாட்டுகளில் பெண்ணுடல் பற்றிய ஆண்பிள்ளைத்தனமான கிண்டல் உண்டு. அங்கே விளையாட்டு யாரை வைத்து விளையாடுகிறது என்று கேட்காமலிருக்க முடியாது. ஆனால் அதே பாட்டின் மறுபதிப்பில் குயின் லத்தீஃபாவும் மோனி லவ்வும் வந்து தங்கள் பங்குக்குப் பேசுகிறார்கள். ஜங்கிள் பிரதர்ஸ், எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் என்று 'நேட்டிவ் டங்ஸ்' என்ற பெயரில் சேர்ந்திருந்த அந்த நட்பு வட்டத்தில் பெண்களும் சரிசமமாகக் கிண்டலடித்தார்கள். கோபத்தின் மேடையில் அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடத்தை நினைத்துப் பார்த்தால் இது குறைவானதல்ல.

என் படிப்பையும் இது திருத்தியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. வெகுளி ஏழாவது. நகை பிறக்கிற இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதை மனப்பாடம் பண்ணி மதிப்பெண் வாங்கியவன் நான். டி லா சோலில் நான்குமே இருந்தன. எனக்குத் தெரிந்தது பேதைமை மட்டும். பாமாவின் 'கிசும்புக்காரன்' (1996) தொகுப்பையும் இந்தப் பாட்டுகளுக்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'கருக்கு' (1992) எனக்கு முக்கியமான நூல். காரணம், அதில் நான் தேடிய காயம் இருந்தது. அதிலேயே இருக்கிற சிரிப்பையும், அடுத்து வந்த கதைகளில் பண்ணையார்களை எதிர்த்து வாயாடுகிற மனிதர்களின் கிசும்பையும் 'லேசான படைப்பு' என்று தள்ளிவைத்திருந்தேன். அமிட்டிவில் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பக்கத்துத் தெருச் சிரிப்பு என் காதில் விழ வேண்டியிருந்தது.

ஒடுக்கப்பட்டவன் அழுதால் இரக்கப்படுகிறோம். கோபப்பட்டால் தோழமை கொள்கிறோம். அவன் நம்மைப் பார்த்துச் சிரித்தால்? அங்கேதான் நமக்கு இடிக்கிறது. அந்தச் சிரிப்பில் நம்மைப் பற்றியும் ஏதோ இருக்குமோ என்ற பயம். இருக்கத்தான் செய்கிறது.

6

அந்த ஆல்பங்கள் நீண்ட காலம் இணையச் சேவைகளில் கிடைக்கவில்லை. பழைய துண்டுகளுக்கான உரிமைச் சிக்கல்களும் இசை நிறுவனத்தோடு இருந்த தகராறும் காரணம். 2021இல் அந்த நிறுவனத்தின் உடைமைகள் கைமாறிய பிறகு வழி திறந்தது. 2023 மார்ச் 3 அன்று எல்லாம் வெளிவந்தன. அதற்கு இருபது நாளுக்குள்தான், பிப்ரவரி 12 அன்று, ட்ருகாய் தன் 54ஆம் வயதில் இறந்துபோயிருந்தார். தன் குரல் மறுபடி ஊர் ஊராகப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்றைக்கு நண்பர் போன் செய்தார். இப்போது வேறொரு ஊரில் ஆசிரியராக இருக்கிறார். பெட்ரோல் விலை, அவர் மகளின் பள்ளிக்கூடம் என்று எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் 'கேட்டியா?' என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முதல் ஆல்பத்தில் 'ட்ரெட் வாட்டர்' என்று ஒரு பாட்டு. முதலை, அணில், மீன், குரங்கு எல்லாம் வரிசையாக வந்து, மூழ்கிவிடாமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும்படி ஒரு பையனுக்குப் புத்தி சொல்கின்றன. விடுதி அறையில் நான் நிறுத்தச் சொன்னபோது அந்தப் பாட்டு இன்னும் வந்திருக்கவில்லை. 'முழுசா ஓடட்டும், நீயும் லைன்லயே இரு' என்றேன். இருந்தார்.